கோர்ட்டுக்கே போகாத வக்கீலுக்கு என்ன வேலை?

மன்னார்குடிப் பக்கம் நெல், உர வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய பெண் சட்டம் முடித்து மும்பையில் ஒரு பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். பிரிவு ‘பைனான்ஸ், எம் அண்ட் ஏ’, அதாவது கடன், கம்பெனி இணைப்பு, கைமாற்றம். கோர்ட் படி ஏறுவது கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் ரூமுக்குத் திரும்புவதும் கிடையாது. இது என்ன வக்கீல் வேலை, சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது, நம்ம ஊர்ப் பிழைப்புக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்பது கேள்வி.

சம்பந்தம் நிறையவே உண்டு. அப்படி ஒரு நிறுவனத்தின் கடன் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு இப்போது கும்பகோணத்தில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குகிறது, இரண்டு கம்பெனிகள் ஒன்றாகின்றன, அல்லது பத்து வங்கிகள் சேர்ந்து ஒரு தொழிற்சாலைக்குக் கடன் கொடுக்கின்றன. எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிற அந்த நேரத்திலேயே, நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும் என்று பேசி முடித்து எழுதி வைக்க வேண்டும். உங்கள் பெண் செய்யப்போவது அதைத்தான். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலானபோது தென்னாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பு அதோடு போயிற்று. கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்று, பிறகு 1907-ல் இந்தியன் வங்கி தொடங்க முன்னால் நின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர், தொழிலால் வக்கீல், பிறந்தது திருவிடைமருதூர். கும்பகோணத்தில் 1904-ல் ஆரம்பித்த கும்பகோணம் பாங்க், 1957-ல் காமன்வெல்த் பாங்கையும், 1965-ல் சிட்டி ஃபார்வர்டு பாங்க், யூனியன் பாங்க் இரண்டையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு நாம் சிட்டி யூனியன் பாங்க் என்று சொல்லும் பெயரே அந்த இணைப்பின் மிச்சம். பெயரிலிருந்து கும்பகோணம் போனது 1987-ல். தலைமை அலுவலகம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. பாங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-ல் இந்தியன் வங்கியோடு சேர்க்கப்பட்ட கதை பெரியவர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆக, கம்பெனி இணைப்பு என்றால் ஏதோ மும்பை சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தொகையெல்லாம் என் கற்பனை. நீடாமங்கலம் பக்கம் ஒரு பெரிய நவீன அரிசி ஆலை, பிரைவேட் லிமிடெட் கம்பெனி. வடக்கே உள்ள ஒரு உணவுக் கம்பெனி 40 கோடிக்கு வாங்க வருகிறது. அதில் 25 கோடியை அது கடனாக வாங்கிக் கொடுக்கப்போகிறது. (இவ்வளவு சின்ன டீலை மும்பையின் பெரிய நிறுவனங்கள் தொடுவது அபூர்வம். ஆனால் 4,000 கோடி டீலிலும் இதே காகிதங்கள்தான், கட்டுதான் தடிமன்.)

முதல் கேள்வி: கம்பெனியின் பங்குகளை வாங்குவதா, ஆலையை மட்டும் கிரயம் செய்வதா? நிலம், கட்டடம் 8 கோடி என்று வைத்துக் கிரயப் பத்திரம் போட்டால், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 72 லட்சம். பங்குகளாக வாங்கினால் 2020 ஜூலை முதல் தீர்வை 0.015 சதவீதம்தான், 40 கோடிக்கு 60,000 ரூபாய். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது எல்லோரும் பங்காகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பங்கை வாங்கினால் கம்பெனியின் பழைய பாவமும் சேர்ந்து வரும்: கட்டாத பி.எஃப்., ஜிஎஸ்டி நோட்டீஸ், பாய்லர் விபத்து வழக்கு, என்றைக்கோ மச்சானுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து. ஆலையை மட்டும் வாங்கினால் தீர்வை கட்ட வேண்டும், பழைய பாவம் பெரும்பாலும் விற்றவரோடு நின்றுவிடும். 72 லட்சம் என்பது அந்த நிம்மதிக்கான விலை. கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்குப் பெயர் டியூ டிலிஜென்ஸ். உங்கள் பெண்ணின் முதல் இரண்டு வருஷ ராத்திரிகள் இதில்தான் போகும்.

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பெண்ணுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

மும்பையில் வளர்ந்த அசோசியேட் (நிறுவனத்தின் இளைய வக்கீல்) மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா மூன்றையும் வைத்து ‘டைட்டில் கிளியர்’ என்று எழுதிவிடுவார். டெல்டாவில் அது போதாது. சர்வே எண்ணும் எல்லையும் காட்டும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு களத்தில் நடக்க வேண்டும். நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தின் நடுவில் குறுக்காக ஒரு பட்டை மட்டும் லேசாகப் பள்ளமாக, வேறு நிறச் சிமெண்டில் இருக்கும். புலப்படத்தில் அதே இடத்தில் தனி சர்வே எண், ‘வாய்க்கால் புறம்போக்கு’. ஒரு காலத்தில் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் போன கன்னி வாய்க்கால் அது. தூர்த்து, மேலே தளம் போட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 40 கோடி கொடுப்பவர் அதைத் தெரிந்துகொண்டுதான் கொடுக்க வேண்டும். வில்லங்கச் சான்றில் அது வராது, ஏனென்றால் அந்தத் துண்டை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவே இல்லை.

அடுத்தது கோயில், மடத்து நிலம். அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி ஆணையரின் முன் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றாலும், அடமானம் வைத்தாலும், ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நிலம் என்று உங்களுக்கே தெரியும். லாரி நிற்கும் அந்தப் பின்பக்கத்து இரண்டு மா நிலம் யாருடையது என்று வாட்ச்மேனைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆவணங்களில் தேடினால் ஒரு வாரம் ஆகும். அப்புறம் குத்தகைதாரர் பாத்தியதை. பதிவேட்டில் ஒருவர் பெயர் இருந்தால் அவரை எழுப்புவது லேசில்லை.

நிலம் ரெக்கார்டில் இன்னும் நஞ்சையாகவே இருந்தால் கடன் கொடுப்பவருக்குத் தலைவலி. வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்ற உதவும் 2002-ஆம் வருஷத்து சர்ஃபாசி சட்டம், 31-ஆம் பிரிவில் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. இந்தியன் வங்கி சம்பந்தப்பட்ட ஒரு தமிழ்நாட்டு வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருப்பது மட்டும் முடிவாகாது, உண்மையில் என்ன பயன்பாடு, எதற்காக அடமானம் வைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. வங்கிக்கு அது ஆறுதல்தான், ஆனால் வழக்காடிப் பெற வேண்டிய ஆறுதல். அதனால் நல்ல வக்கீல் வகைமாற்றம் முடித்துவிட்டு வா, பிறகு பணம் என்பார்.

வாங்குகிறவர், பக்கத்திலேயே வேறு ஏதாவது ஆலை போடத் திட்டமிட்டிருந்தால் 2020-ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அரிசி ஆலைக்கு அதில் தடையில்லை. தோல் பதனிடுவது, உலோகம் உருக்குவது, எண்ணெய், எரிவாயுவுக்குப் புதிதாகத் துளை போடுவது போன்றவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதியில் வர முடியாது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த விஷயம் குடோன். ஆலையின் கணக்கில் சரக்கு இருப்பு பல கோடி என்று இருக்கும். உள்ளே போனால் மூட்டை கூரை வரை அடுக்கியிருக்கும். வங்கி அதை ஹைப்பாதிகேஷன், அதாவது சரக்கு ஆலையிலேயே இருக்க அதன் மேல் பிணை, பிடிக்க ஆசைப்படும். ஆனால் அந்த ஆலை நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை முகவராக இருந்தால், கொள்முதல் நிலையத்திலிருந்து வந்த நெல் கழகத்துடையது. ஆலைக்காரர் அரைத்து, புழுங்கல் என்றால் நூற்றுக்கு 68 கிலோ என்ற கணக்கில் அரிசியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர். அவருக்குச் சொந்தம் அரவைக் கூலி. சாக்கில் இருக்கும் முத்திரையைப் பார்த்தாலே எது யார் நெல் என்று உங்களுக்குத் தெரியும். பத்தாயிரம் மூட்டையில் சொந்தச் சரக்கு எத்தனை என்று தனியாகக் கணக்கெடுத்து, ஒப்பந்தத்தில் ‘மூன்றாம் நபர் சரக்கு நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரிக்காக வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் முழுவதும் தகும்.

இப்படிக் கண்டுபிடித்ததை எல்லாம் வைத்துக்கொண்டுதான் பேரம். பங்கு வாங்கும் ஒப்பந்தத்தில் விற்பவர் வரிசையாக உறுதி சொல்வார்: வரிப் பாக்கி இல்லை, வழக்கு இல்லை, ஆக்கிரமிப்பு இல்லை. பிறகு ‘இவை நீங்கலாக’ என்று ஒரு கடிதம் கொடுப்பார். வாய்க்கால் புறம்போக்கை அந்தக் கடிதத்தில் எழுதிவிட்டால், பிற்பாடு அதற்காக விற்றவரைப் பிடிக்க முடியாது. அதனால் வாங்குபவரின் வக்கீல், அது தெரிந்த விஷயமாகவே இருக்கட்டும், ஆனாலும் தாசில்தார் நோட்டீஸ் வந்து களத்தை உடைத்தால் செலவு உங்களுடையது என்று தனியாக ஒரு ஈட்டுறுதி கேட்பார். விற்பவர் ஐந்து வருஷத்துக்கு முடியாது, இரண்டு வருஷம் என்பார். 40 கோடியில் 3 கோடியை மூன்றாம் ஆள் கணக்கில் நிறுத்தி வைக்கலாமா என்று ஒரு யோசனை வரும். ராத்திரி ஒரு மணி என்று சொன்னீர்களே, அது இந்த இடம்தான். இரண்டு பக்கமும் ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால், அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் உண்டு. வாங்கும் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டினால் மேலும் 26 சதவீதத்துக்குப் பொதுப் பங்குதாரர்களிடம் ஓப்பன் ஆஃபர் கொடுக்க வேண்டும். முழு இணைப்பு என்றால் கம்பெனிகள் சட்டம் 230 முதல் 232 வரை, மதிப்பில் முக்கால் பங்குச் சம்மதம், பிறகு கம்பெனி தீர்ப்பாயம். தீர்ப்பாயம் வரும்போது மட்டும் கறுப்புக் கோட்டு தேவைப்படும், அதற்கும் பெரும்பாலும் வேறு ஆள். இந்தப் பகுதி உங்களுக்கு இப்போது வேண்டாம்.

கடன் பக்கத்துக்கு வருகிறேன். பங்கு வாங்குவதற்குக் கடன் கொடுக்க இந்திய வங்கிகளை ரிசர்வ் வங்கி பெரும்பாலும் விடாமல்தான் வைத்திருந்தது. என்பிஎஃப்சிகள் (வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்), கடன் பத்திரங்கள், வெளிநாட்டு வங்கிகள் என்று சுற்றிப் போவார்கள். 2025 அக்டோபரில் அந்தக் கதவைத் திறப்பதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. இந்தத் தொழிலில் இப்போது சேருகிறவர்களுக்கு அது நல்ல காலம்.

கடன் ஒப்பந்தம் நூற்றைம்பது பக்கம் இருந்தாலும் உயிர் இரண்டு இடத்தில். ஒன்று, பணம் திரும்பி இறங்கும் வரிசை. நம்ம வாய்க்கால் மாதிரியே இங்கும் தலைமடை, கடைமடை உண்டு. சொத்தை அடமானமாகப் பிடித்த வங்கிக்கு முதலில், பிடிமானம் இல்லாதவர்களுக்குப் பிறகு, பங்குதாரருக்கு மிச்சம் இருந்தால். தலைமடையில் இடம் பிடித்தால் மட்டும் போதாது, 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் அந்தப் பிணையைப் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய ஒரு வரம்பு வரை வழி உண்டு. அதையும் விட்டுவிட்டுக் கம்பெனி மூழ்கினால், கம்பெனியைக் கலைத்துக் கணக்கு முடிக்கும் அதிகாரி அந்த அடமானத்தைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். எத்தனை கோடிக் கடனாக இருந்தாலும் இந்தப் படிவத்தை நேரத்துக்குப் போடுவது அணியிலேயே சின்னப் பெண்ணின் பொறுப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, கடன் இருக்கும் காலமெல்லாம் கம்பெனி காக்க வேண்டிய நிதி நிபந்தனைகள். லாபத்துக்கு இத்தனை மடங்குக்கு மேல் கடன் போகக்கூடாது, மார்ச் 31 அன்று சோதிப்போம் என்று மும்பை டிராஃப்டில் இருக்கும். அரிசி ஆலைக்கு அந்தத் தேதியைப் போன்ற பொருத்தமில்லாத தேதி வேறில்லை. சம்பா, தாளடி நெல் தையிலிருந்து பங்குனி வரை வருகிறது. ஆலைக்காரர் சிசி (கேஷ் கிரெடிட், நடைமுறைச் செலவுக்கான வங்கிக் கடன்) லிமிட்டைக் கடைசி ரூபாய் வரை எடுத்து நெல் வாங்கிக் குவித்திருக்கும் நேரம் அது. நன்றாக ஓடுகிற ஆலை அந்தத் தேதியில் நிபந்தனை மீறிய ஆலையாகிவிடும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியும். செப்டம்பரில் சோதியுங்கள், அல்லது வருஷச் சராசரி எடுங்கள் என்று ஒரு மின்னஞ்சலில் சொன்னால் பார்ட்னர் நிமிர்ந்து பார்ப்பார்.

பேச்சு நடக்கும்போது அந்த அறையில் இல்லாதவர்கள் கதை என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. பாபநாசம் வட்டம் திருமண்டங்குடி சர்க்கரை ஆலை திவால் நடவடிக்கைக்குப் போய் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2022 நவம்பர் கடைசியில் கரும்பு விவசாயிகள் ஆலை முன்னால் உட்கார்ந்தார்கள். கரும்புப் பாக்கி வரவில்லை, எங்கள் பெயரில் வாங்கப்பட்ட வங்கிக் கடன் எங்கள் தலையிலேயே நிற்கிறது என்பது அவர்கள் சொன்னது. 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் 15 சதவீத வட்டி என்கிறது. ஆனால் 2016-ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தில், சரக்கு கொடுத்துப் பணம் வராதவர் ‘செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்’ வகை. மீட்புத் திட்டத்தை ஏற்பதா என்று வாக்களிக்கும் குழுவில் உட்காருவது கடன் கொடுத்த வங்கிகள். 66 சதவீத வாக்கு போதும். கரும்பு வெட்டி அனுப்பியவர் கடைமடையில். சட்டத்தில் இருப்பதை எழுதிய வக்கீலைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கட்சிக்காரர் வங்கி. ஆனால் இந்த வேலையைச் செய்கிறவருக்கு பாக்கி வர வேண்டிய அந்த ஆள் எப்படி இருப்பார், எந்த ஊரில் இருப்பார் என்று தெரிந்திருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

வேலை நிலவரம் சுருக்கமாக. இந்தியாவில் இந்தத் துறையில் முன்னால் நிற்பவை சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஷர்துல் அமர்சந்த் மங்கள்தாஸ் (2015 வரை இரண்டும் ஒரே வீடு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை), கல்கத்தாவில் 1911-ல் தொடங்கிய கைத்தான், ஏஇசட்பி, டிரைலீகல், ஜேஎஸ்ஏ போன்றவை. லண்டனில் ஆலன் அண்ட் ஓவரி 2024 மே மாதம் நியூயார்க்கின் ஷேர்மன் அண்ட் ஸ்டெர்லிங்கோடு சேர்ந்தது. அடுத்தவர் இணைப்புக்குக் காகிதம் எழுதுகிறவர்கள் தங்களுக்கே எழுதிக்கொண்டார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே தொழில் செய்ய முடியாது என்று ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்காடாத வெளிநாட்டுச் சட்ட வேலைக்கு மட்டும் பதிவு செய்துகொள்ள 2023-ல் பார் கவுன்சில் விதி வகுத்து 2025-ல் திருத்தியது. சம்பளம் நன்றாகவே இருக்கும். தூக்கம் இருக்காது. வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் கட்சிக்காரர் கணக்கில் எழுத வேண்டும் என்று இலக்கு உண்டு. நாலைந்து வருஷத்தில் பலர் வங்கி, கம்பெனிகளின் சட்டப் பிரிவுக்குப் போய்விடுவார்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

சொந்தக்காரர்களுக்கு, ‘கம்பெனி வாங்கி விற்கிற பத்திரம் எழுதுகிறாள்’ என்று சொல்லுங்கள், போதும்.

உங்களுக்கு ஒன்று. நீங்களும் வியாபாரி, சிசி லோன் இருக்கும். பொங்கலுக்கு அவள் வரும்போது சாங்ஷன் லெட்டரையும் ஜாமீன் பத்திரத்தையும் எடுத்து அவள் முன்னால் வையுங்கள். நீங்களோ, உங்கள் தம்பியோ, ஏதாவது கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டிருந்தால், கம்பெனியை விற்றதாலோ டைரக்டர் பதவியிலிருந்து விலகியதாலோ அந்த ஜாமீன் தானாகப் போகாது. 2019 டிசம்பர் முதல் கம்பெனிக்கு ஜாமீன் போட்ட தனிநபர் மேலேயே திவால் நடவடிக்கை எடுக்கலாம். 2021-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. கம்பெனியின் கடனுக்குத் தீர்வு வந்துவிட்டது என்பதற்காகவும் ஜாமீன்காரர் தப்பிக்க மாட்டார். பங்கு கைமாறும் அதே நாளில் வங்கியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் எழுத்தில் வாங்க வேண்டும், அதற்கு முன்னால் கையெழுத்துப் போடக்கூடாது. உங்கள் கட்டில் அப்படி ஒரு பழைய ஜாமீன் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.